ஆல்டர் தெரு மனு

"இந்தத் தெருவுல உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி, மிஸஸ் ஹாஸ்கெட்."

டிபோர் சலாய் மனுவை மேசைமேல் வைத்தார். பேனாவின் மூடியையும் தானே கழற்றி வைத்தார்.

பதினெட்டாம் நம்பர் வீடு காலியாகக் கிடந்தது. சிரியாவிலிருந்து வரும் இரண்டு அகதிக் குடும்பங்களை அதில் குடிவைக்கப் போவதாகப் போன ஞாயிறு சர்ச்சில் அறிவித்திருந்தார்கள். அதற்கு நகரசபை அனுமதி தரக்கூடாது என்பதுதான் மனு. அறுபத்தெட்டு வயதில், பிப்ரவரிப் பனியில், வழுக்குகிற படிகளில் ஏறி இறங்கி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியிருந்தார் டிபோர்.

மியூரியல் ஹாஸ்கெட்டுக்கு எண்பத்தாறு. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"நீயும் அகதியா வந்தவன்தானேப்பா?"

இந்தக் கேள்வி வரும் என்று டிபோருக்குத் தெரியும்.

"நாங்க வந்தது வேற. ஹங்கேரியில ரஷ்ய டாங்கி நுழைஞ்சப்போ உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தோம்."

"இவங்க என்ன, பிக்னிக்கா வர்றாங்க?"

"அதுக்கில்ல. நாங்க இந்த ஊரோட ஒட்டிக்கிட்டோம். இவங்க மதம் வேற, பழக்கம் வேற. பொம்பளைங்களை நடத்துற விதமே வேற. கனடான்னா ஒரு பண்பு இருக்கில்ல? அது போயிடக் கூடாது, அவ்வளவுதான்."

"ம்."

"அதுவுமில்லாம, எங்களை இந்தத் தெரு மனசாரக் கூப்பிட்டுச்சு. எனக்கு அப்போ ஒன்பது வயசு. இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது."

சொல்லும்போதே அவர் முகம் இளகிவிட்டது. ஐம்பத்தேழு ஜனவரி. முழங்கால் ஆழத்துக்குப் பனி. நாற்காலிகூட இல்லாத வீட்டில் அம்மாவும் அவரும். திடீரென்று ஒரு நாள் காலையில் கதவு தட்டப்பட்டது. அப்புறம் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பாட்டர்சன் வீட்டிலிருந்து இரண்டு கம்பளி. பக்கத்து வீட்டு கிரெய்க் கொண்டுவந்த பனிச்சறுக்குக் காலணி. பெரிதாக இருந்ததால் விரல் பக்கம் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்துக் கொடுத்தார். அம்மா வாசலிலேயே நின்று அழுதாள்.

"முதல்ல வந்தது நீங்கதான், மிஸஸ் ஹாஸ்கெட். உங்க கையால சுட்ட ஆப்பிள் பை. சூடு ஆறாம டவல்ல சுத்தி எடுத்துட்டு வந்தீங்க. அப்படிப்பட்ட தெரு இது. அதைக் காப்பாத்தத்தான் நான் அலையறேன்."

மிஸஸ் ஹாஸ்கெட் எழுந்து, சுவரைப் பிடித்தபடி உள்ளே போனார். இழுப்பறைகள் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பழுப்பேறிய ஒரு தாளோடு திரும்பி வந்தார்.

"இதைப் படி."

தட்டச்சு செய்த தாள். தேதி, 1957 ஜனவரி 19.

'ஆல்டர் தெருவில் ஹங்கேரிய அகதிகளைக் குடிவைத்திருப்பதை எதிர்க்கிறோம். கத்தோலிக்கர்களான அவர்களுடைய மதம் வேறு, பழக்கவழக்கம் வேறு. அவர்களுக்குள் கம்யூனிஸ்ட் உளவாளிகள் இருக்கவும் கூடும். உடனே வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டுகிறோம்.'

டிபோர் தாளிலிருந்து தலை நிமிர்ந்தார்.

"யார் எழுதினது இது?"

"நான்தான். இதே மேசையில உக்காந்து டைப் அடிச்சேன். பூண்டு வாடை தாங்கலைன்னும் எழுதுன்னாரு எங்க வீட்டுக்காரர். நான்தான் வேணாம்னேன், நாகரிகமா இருக்காதுன்னு."

கீழே கையெழுத்துகள். ஹாஸ்கெட். பாட்டர்சன். கிரெய்க்கும் இருந்தார். ஒவ்வொன்றாக இறங்கி வந்த டிபோரின் விரல், கடைசிப் பெயரில் நின்றுவிட்டது. இடப்பக்கம் சாய்ந்து, கடைசி எழுத்தில் கொக்கி போட்டு முடித்த கையெழுத்து.

எத்தெல்கா சலாய்.

"இது... எங்கம்மா."

"ஆமா. அன்னிக்கு தெருவே இந்த ஹால்லதான் கூடியிருந்தோம். கதவைத் தட்டுறாங்கன்னு திறந்தா, உங்கம்மா. கையில வால்நட் வெச்சுச் சுருட்டின ரொட்டி. வீட்டுல இருந்த கடைசி மாவையும் போட்டுச் சுட்டிருப்பா. அவளுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. நாங்க வரிசையா கையெழுத்துப் போடறதைப் பார்த்தா. ஏதோ வரவேற்புப் பத்திரம்னு நெனைச்சுட்டா போல. பேனாவை வாங்கி அவளும் போட்டா. போட்டுட்டு, எங்க ஒவ்வொருத்தரையும் கட்டிப்பிடிச்சு ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்துட்டுப் போனா."

டிபோர் அந்தக் கையெழுத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"அவ போனப்புறம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்க முடியலை. அந்த ரொட்டியை யாரும் தொடலை. மனுவை நகரசபைக்குக் கொண்டு போறேன்னு சொன்னவரு, அப்படியே விட்டுட்டு எழுந்து போயிட்டாரு. மறுநாள் விடிஞ்சதும்தான் நான் ஆப்பிள் பை சுட்டு எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தேன்."

டிபோர் பேனாவை மூடினார். தன் மனுவை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"கடைசிவரைக்கும் அம்மாவுக்கு இது தெரியவே தெரியாதா?"

"தெரியும்ப்பா. நாலு வருஷம் கழிச்சு, அவளுக்கு இங்கிலீஷ் நல்லா வந்தப்புறம், மனசு கேக்காம நானே எடுத்துக் காட்டினேன். ரெண்டு தடவை படிச்சா. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. 'மியூரியல், இது டிபோருக்குத் தெரிய வேணாம். இந்தத் தெரு நம்மளை மனசாரக் கூப்பிட்டுச்சுன்னு சொல்லித்தான் அவனை வளர்க்கறேன். அதை நம்பினாத்தான், நாளைக்கு வர்றவங்களை அவனும் மனசாரக் கூப்பிடுவான்.'"