கால் தேய்க்கிற வேலை

"எங்கடி எழுந்திருக்கிற? உட்காரு! கால் யாரு தேய்ப்பா?"

இஸ்திரிக்காரர் படுக்கையிலிருந்தே அதட்டினார். கையில் இரண்டு ஊசி. பக்கத்தில் டயாலிசிஸ் மெஷின் அவர் ரத்தத்தைச் சலவை செய்துகொண்டிருந்தது.

"பத்து சட்டை பாக்கி இருக்குங்க. ஒரு எட்டு கடைக்குப் போயிட்டு..."

"சட்டை ஓடியா போயிடும்? எரியுது, தேய்!"

மனைவி முணுமுணுத்தபடி கால்மாட்டில் உட்கார்ந்து போர்வைக்குள் கையை விட்டாள். இவர் சிறுநீரகம் பழுதான நாளிலிருந்து கடை அவள் தலையில். விடியலிலிருந்து நின்றபடி துணி தேய்த்துவிட்டு, வாரம் மூன்று நாள் இங்கே வந்து கால் தேய்க்க அவள் உடம்பு என்ன இரும்பா?

அதனால் கொஞ்ச நாளாக ஒரு திருட்டுத்தனம். கை போர்வைக்குள் சும்மா கிடக்கும். அவள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். மனுஷரோ, "ஆஹா, இதமா இருக்கு" என்பார். பாவம், அப்பாவி என்று அவளுக்கு மனசு உறுத்தும்.

இன்றும் அப்படித்தான் கண்ணயர்ந்தாள். விழித்தபோது எதிரே நரம்பு டாக்டரம்மா.

"கால் எரிச்சல் எப்படி இருக்கு?"

"நாலு மணி நேரமும் இவ தேய்க்கிறாளே, அப்புறம் என்ன!" என்றார் இஸ்திரிக்காரர்.

"அப்படியா? பார்த்திடலாம்."

டாக்டரம்மா போர்வையை விலக்கினார். கையும் களவுமாக மாட்டினோம் என்று மனைவி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"கண்ணை மூடுங்க. தொட்டா சொல்லுங்க."

மெல்லிய நைலான் இழையால் கட்டைவிரலைத் தொட்டார். பதிலில்லை. உள்ளங்கால், குதிகால். பதிலில்லை. பேனா முனையால் அழுத்தினார். அப்போதும் இல்லை.

"நரம்பு நல்லா பாதிச்சிருக்கு. எவ்வளவு நாளா இப்படி?"

"எரிச்சல் போயி மரத்துப்போச்சு. ஆறு மாசம் இருக்கும்."

"ஆறு மாசமா! கால்ல முள் ஏறினாக்கூடத் தெரியாதே, ஏன் சொல்லல?" என்று திட்டிக்கொண்டே மருந்துச் சீட்டு எழுத நகர்ந்தார் டாக்டரம்மா.

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்போ தேய் தேய்னு ஆறு மாசமா என் உசிரை வாங்கினது எதுக்கு?"

இஸ்திரிக்காரர் மெஷினைப் பார்த்தபடி சொன்னார்:

"சும்மா உட்காருன்னா உட்காருவியா நீ? கடைக்கு ஓடிடுவ. உட்கார்ந்தாதானே தூங்குவ... குறட்டையை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்க, பக்கத்து பெட்காரர்கிட்ட தினமும் என்னால மன்னிப்பு கேட்க முடியல."