பத்தாவது ஊசி

முதலில் தப்பு செய்தவன் பக்தவத்சலம்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் மாடுகள் வேலி தாண்டி வந்து, ஜம்புலிங்கத்தின் நாற்பது பாக்குக் கன்றுகளை மேய்ந்துவிட்டுப் போயின. இன்றுவரை ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்போது அவன் மகள் அகிலா அந்தமான் திக்லிபூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். முந்தாநாள் அவள் போட்ட ஃப்ளூ ஊசியில் ஜம்புலிங்கத்தின் கை பணியாரமாய் வீங்கிவிட்டது.

சும்மா விடுவாரா? டாக்டரிடம் கொடுக்கப் புகார் எழுதி வாங்கிக்கொண்டு, வரிசையை இடித்துத் தள்ளி உள்ளே போனார்.

"சாச்சா, லைன்..." என்றது ஒரு குரல்.

"சுப் ரஹோ" என்று அந்த வாயை அடைத்துவிட்டு அகிலா பக்கம் திரும்பினார்.

"என்னத்தைக் கலந்து குத்தினே?"

"வலி ரெண்டு நாள்ல போயிடும் மாமா."

"யாருக்கு யார் மாமா? கலந்தியா, இல்லையா?"

"நான் கலக்கலை. மருந்தே அப்படித்தான் வருது. வயசான உடம்பை உசுப்பிவிடுற சேர்மானம். பாக்குக்கு மருந்தடிக்கிறப்ப அது ஒட்டிக்க நீங்க பசை சேர்க்கிறதில்லையா?"

"எந்தப் பாக்கு மரம் கை வீங்கிப் படுத்துச்சு?"

வரிசை சிரித்தது.

"சாதா ஊசி போட்டும் போன வருஷம் மூச்சு முட்டிப் படுத்தீங்களே. மெயின்லேண்ட் கப்பல்ல வந்த காய்ச்சல் வேற ரகம். அப்படிக் கொஞ்சம் மாறி வந்தாலும் இது ஓரளவு தடுக்கும்."

"அவ்வளவு ஒசத்தியா? அப்போ உங்கப்பன் கையும் வீங்கியிருக்கணுமே. எங்கே, வந்து காட்டச் சொல்லு."

அகிலா மேசையிலிருந்த பதிவேட்டை மூடினாள்.

"பார்த்தியா. ஊரானுக்குக் கலப்படம், அப்பனுக்கு சாதா." புகாரை மேசையில் வீசினார். "டாக்டர் வரட்டும்."

அவள் அதைத் தொடவில்லை.

"இந்த மருந்து பத்துதான் வந்துச்சு. பத்தாவது பேரு அப்பா, பதினொண்ணாவது நீங்க. 'எனக்கு சாதா போதும். ஜம்புவுக்கு நெஞ்சு பலவீனம், இதை அவனுக்குப் போடு. நான் சொன்னேன்னு தெரிஞ்சா போட்டுக்க மாட்டான்'னு அப்பாதான் சொன்னாரு."

ஜம்புலிங்கம் புகாரை எடுத்து நாலாய் மடித்துச் சட்டைப்பையில் செருகினார். வாசல் வரை போனவர் திரும்பினார். முகத்தில் கோபம் குறையவில்லை.

"உங்கப்பன்கிட்ட சொல்லு. ஊசி வேற, கன்னு வேற. அடுத்த வருஷம் இந்த மருந்து வந்தா முதல்ல அவனுக்குக் குத்து. என்கிட்ட மன்னிப்புக் கேட்காம அவன் போய்ச் சேரக் கூடாது."