ஜன்னல் வெயில்

மலை என்று பெயர்தான். முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் மாமனாரே முனகாமல் ஏறிவிட்டார். கீழே கடல் மினுமினுத்தது. உச்சியில் பழங்காலத்து மாளிகையின் சுவர்கள் இடுப்பளவுக்கு நின்றன. அதற்கு மேல் வானம்தான்.

ஆனாலும் சுவர்களுக்கு நடுவே குளுகுளுவென்று நிழல் இருந்தது. தரையில் ஒரு சதுர வெயில், ஜன்னல் வழியாக விழுவதுபோல.

மாமனார் அண்ணாந்து பார்த்தார். "கூரையே இல்லையேப்பா, இது எதோட நிழல்?"

"தெரியலீங்க," என்றார் அங்கே காவலுக்கு இருந்த வனக் காவலர். "நாங்களும் இங்கதான் சாப்பிடுவோம். பெருக்கித்தான் வச்சிருக்கேன், உக்காருங்க."

பல் முளைக்கும் வலியில் எங்களைத் தூங்கவிடாத மகள், துணியில் கிடத்தியதும் தூங்கிப்போனாள். எனக்கு அதுதான் அதிசயமாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுச் சத்தமில்லாமல் சீட்டாடினோம். கணவர் தோற்றார், நான் தோற்றேன். மாமனார் ஆடுவது கள்ளாட்டம் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் கையும் களவுமாகப் பிடித்ததில்லை.

சதுர வெயில் மெல்ல நகர்ந்து மகளின் கழுத்துக்கு வந்தது. கண்ணில் பட்டால் விழித்துவிடுவாள்.

"மாமா, உங்க தொப்பியைக் குடுங்க," என்று கை நீட்டினேன்.

அதற்குள் சதுரத்தின் ஓரத்தில் வளையல் போட்ட ஒரு கையின் நிழல் நீண்டது. சத்தமே வராமல் ஜன்னல் கதவைச் சாத்தியது. சாத்திய பிறகு, யோசித்ததுபோல, ஒரு விரற்கடை மட்டும் திறந்தது.

அந்தக் கோட்டு வெயில், மாமனார் தன் புது முட்டிக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த சீட்டின்மேல் விழுந்தது.