கண்பட்ட டேங்க்

“எல்லாம் அந்த நஜ்ஃபா கண்ணுதான்!” என்றாள் இன்ஷிரா, கணவர் ஷௌக்கியிடம். “முந்தாநாள் ‘இந்தக் கிழட்டு வண்டி எப்படி ஓடுது பாரு’ன்னு வாயப் பொளந்தா. கண்ணு படாம இருக்க மாஷா அல்லான்னு ஒரு வார்த்தை சொன்னாளா? மறுநாளே பெட்ரோல் ஒழுகுது. அவ பொண்ணு நமக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை நிச்சயத்த நிறுத்துங்க.”

மகன் ஹாசிம் அந்தப் பெண்ணுக்காக நாலு வருஷம் காத்திருந்தவன்.

“துருப் பிடிச்சிருக்கும்டி. முப்பது வருஷத்துக் கார்,” என்றார் ஷௌக்கி.

எகிப்தின் தான்தா நகரத்து மெக்கானிக் பயூமி, பெட்ரோலை வடித்துவிட்டுப் பழைய டேங்கைக் கழற்றினார். புதியதை மாட்டியதும், பழையதைத் தூக்கி வந்து கணவன் மனைவி இருவரிடமும் ஓட்டையைக் காட்டினார்.

“இது துரு இல்ல, உஸ்தாத். ஏதோ உரசி உரசித் தகட்டையே தின்னுருக்குன்னு தேடினேன். இதோ, இதுதான்.”

அவர் கையில் கம்பி கட்டிய குதிரை லாடம் ஒன்று ஆடியது.

“வண்டிக்கு அடியில பின்பக்கம் தொங்கிச்சு. யாரு கட்டினது?”

இன்ஷிராவின் முகம் சுண்டிப்போனது. “நான்தான். நஜ்ஃபா கண்ணு படக்கூடாதுன்னு போன வருஷம் கட்டினேன்.”

ஷௌக்கி சிரிப்பை அடக்கிக்கொண்டார். “அப்ப நிச்சயம்?”

அவள் லாடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“காவலுக்குக் கட்டின இரும்பையே நம்ம மேல ஏவி விட்டிருக்கு அந்தக் கண்ணு! இப்பேர்ப்பட்டவள வெளியில விட்டு வைக்கலாமாங்க? சம்பந்தியாக்கிடுங்க. சொந்தப் பேரன் ஏறப்போற வண்டின்னா கண்ணு வைக்கமாட்டா.”