தோற்றவரின் வீடு

“கூட ஆக்கள் வாக்குப் போட்டும் ஒருத்தர் தோற்கலாமோ, தம்பி?”

“ஓம் அக்கா. அமெரிக்காவிலை மொத்தத் தலையை எண்ணுறதில்லை. மாநிலம் மாநிலமா வெல்லவேணும். பெரிய மாநிலத்திலை கொஞ்ச வாக்காலை வெண்டாலும், அந்த மாநிலம் முழுக்க அவருக்குத்தான்.”

“நல்ல விளையாட்டு! எங்கட நாட்டு யானைச் சின்னக் கட்சி ஆட்சியிலை அசையாமல் நிக்குது. அங்கத்தை யானை கழுதைச் சின்னக் கட்சியிட்டை விழுந்திட்டுதோ?”

நிசாந் சிரித்தான். அது 1992 கார்த்திகை. பிராங்பேர்ட் விமான நிலையத் தொலைக்காட்சியில், தேர்தலில் தோற்ற அமெரிக்க ஜனாதிபதி கையசைத்துக்கொண்டிருந்தார். கொழும்புக்குப் போக இராஜேஸ்வரிக்கு மனமில்லை. பேச்சிலாவது நேரம் நீளட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“பாவம். இண்டைக்கே பெட்டி கட்டவேணுமோ?”

“இல்லையக்கா. தை மாதம் வரைக்கும் அந்த மாளிகையிலையே இருக்கலாம். சட்டம் அப்பிடி.”

“தோத்த பிறகுமோ?”

பக்கத்து இருக்கைகளில் இருந்த இரண்டு பொலிஸ்காரர்களும் எழுந்தார்கள். ஒருவர் நிசாந்திடம் ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னார். நிசாந் அவளுக்கு உறவில்லை. இன்று காலையில்தான் பொலிஸார் அழைத்துவந்த மொழிபெயர்ப்பாளன். அகதி வழக்கில் தோற்றவளை விமானத்தில் ஏற்றும்வரை கூட இருப்பது அவன் வேலை.

“வெளிக்கிடட்டாம், அக்கா.”

அவள் எழவில்லை.

“தம்பி, என்ரை தங்கச்சிக்குத் தையிலை பிள்ளை பிறக்கும். இஞ்சை அவளுக்கு வேறை ஒருத்தருமில்லை. என்னையும் அது வரைக்கும் விடச்சொல்லி, இவையிட்டை ஒருக்காக் கேளுங்கோவன்.”