அரைக் கட்டை

மாலை நான்கு மணி. கோயென்ஜி வட்டாரத்தின் நிலத்தடிக் கச்சேரிக் கூடம் காலியாகக் கிடக்கிறது; நேற்றைய பீர் வாடை இன்னும் தரையை விட்டுப் போகவில்லை. ஒத்திகையில் இசைக்குழுவின் நான்கு பெண்களும் அந்தப் பழைய பாட்டைத்தான் வாசிக்கிறார்கள், கூட்டம் விடாமல் கேட்டு வாங்கும் பாட்டு. அதன் உச்சிச் சுரத்தை யோஷினோ பிசிறில்லாமல் தொட்டு இறங்குகிறாள். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து எட்டு மாதம் ஆகிறது. குரல் திரும்பிவிட்டதென்று நேற்றுதான் தன் அம்மாவிடம் போனில் சொல்லி அழுதாள், பாவம். "வெந்நீரா, வேண்டுதலா, அக்கா? எங்களுக்கும் சொல்லேன்" என்று டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து நத்சுகோ சீண்டுகிறாள். சிரித்துக்கொண்டே தண்ணீர்ப் பாட்டிலுக்குக் குனிகிறாள் யோஷினோ. பக்கத்தில் கனாமே கிடார் தந்தியைச் சுண்டிச் சுருதி பார்க்கிறாள். கிடாரின் தலையைக் கவ்வியிருக்கும், சுருதி காட்டும் சின்னக் கருவியில் பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் அது காட்டும் சுரம் இருக்கவேண்டியதற்கு அரைக் கட்டை கீழே நிற்கிறது. யோஷினோவின் பார்வை அதில் விழுவதைக் கண்டு கனாமே சட்டென்று அதை உள்ளங்கையால் மூடுகிறாள். மூடிய விரல்களின் இடுக்கில் பச்சை கசிகிறது.

"எப்பலேருந்து?"

"மூணு கச்சேரியா."

"எல்லாரும் சேர்ந்தா இறக்கினீங்க?"

கனாமே ஆமென்று தலையசைக்கிறாள். ஒலிபெருக்கியின் இரைச்சல் மெல்லிசாக ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே கதவருகில் யாரோ நாற்காலி இழுக்கிறார்கள். யோஷினோ பாட்டிலைத் திறக்காமலே நிமிர்ந்து, மைக்கிலிருந்து முகத்தை விலக்கிக்கொண்டு மெதுவாகச் சொல்கிறாள்:

"இன்னைக்கும் இப்படியே வாசிங்க. நான் பார்த்துட்டேன்னு மட்டும் மத்ததுங்க ரெண்டுகிட்டயும் சொல்லிடாத."