தளும்பக் கூடாது

“இதுல எது சார் மெதுவா போவும்?”

நேரு வீதியில் பொம்மைக் கடை வைத்திருக்கும் புருஷோத்தமனிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ரிமோட் கார் வாங்க வருகிறவர்கள் எல்லாம் வேகத்தைத்தான் கேட்பார்கள்.

கேட்டவர் குப்பன், குருசுக்குப்பத்து மீனவர். மடித்துக் கட்டிய லுங்கி, ரத்தமாகச் சிவந்த கண். கடை திறந்ததும் திறக்காததுமாக இப்படியா என்று புருஷோத்தமன் முகத்தைச் சுளித்தார். பாண்டிச்சேரியில் கடை போட்டால் இதையெல்லாம் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

வேண்டாவெறுப்பாக ஒரு சிவப்பு ரேஸ் காரை எடுத்துக் கொடுத்தார். குப்பன் அதைத் தரையில் வைத்தார். கடையில் இருந்த தண்ணீர் கேனைத் திறந்து, எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரைக்கும் பிடித்து, அலுங்காமல் காரின் முதுகில் உட்கார வைத்தார்.

ரிமோட்டைத் தொட்டதுதான் தாமதம், கார் பாய்ந்தது. தரையெல்லாம் தண்ணீர்.

புருஷோத்தமன் கத்திய கத்தல் எதிர்க் கடைக்கே கேட்டிருக்கும். குப்பன் தோளில் கிடந்த துண்டால் தரையைத் துடைத்துவிட்டு, வேறு கார் கேட்டார்.

ஜீப் வந்தது. கிளம்பும்போதே ஒரு குலுக்கல், பாதி டம்ளர் காலி. மறுபடியும் துண்டு.

புருஷோத்தமனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அடேயப்பா, குடிகாரன் மூளையே மூளை! உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திரிக்காமல் கிளாஸ் தன்னிடம் வந்து சேர வழி பண்ணுகிறான். குழந்தைக்குப் பொம்மை பார்த்துக்கொண்டிருந்த நிர்மலா டீச்சரிடம் கண்ணைக் காட்டினார். அந்தம்மா குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கடைசியில் பரணிலிருந்து, யாருமே சீண்டாத ஒரு மஞ்சள் லாரி இறங்கியது. நல்ல கனம், எறும்பு வேகம்.

குப்பன் டம்ளரை நிரப்பி லாரியில் வைத்துவிட்டுக் குந்தினார். வலை இழுத்துக் காய்ப்பேறிய விரல், அந்தச் சின்னப் பொத்தானைத் தொட்டும் தொடாமலும் அழுத்தியது.

லாரி நகர்ந்தது. விளிம்பில் தண்ணீர் ஆடியது, விழவில்லை. பந்துக் கூடையைச் சுற்றிக்கொண்டு, மூன்று சக்கர சைக்கிள்களுக்கு நடுவில் புகுந்து, மிதியடி மேட்டில் ஏறி இறங்கியது. கடையில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. டீச்சரின் குழந்தை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. லாரி நேராகப் புருஷோத்தமனின் காலடிக்கு வந்து நின்றது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. தான் விற்கிற பொம்மைக்குள் இப்படி ஒரு வித்தையா என்று அவருக்கே மலைப்பாகப் போய்விட்டது.

மலைத்தாலும் வாய் சும்மா இருக்குமா?

“இனிமே உக்காந்த எடத்துக்கே சரக்கு வந்துடும். சுண்டலுக்கு இன்னொரு லாரி வாங்கிக்கய்யா.”

குப்பன் கோபப்படவில்லை.

“நான் குடிக்கிறதில்ல சார். ராத்திரி கடலுக்குப் போய்ட்டு இப்பதான் கரையேறுனேன், அதான் கண்ணு எரியுது. இது எம் பொண்ணு சங்கவிக்கு. அவளுக்கு இடுப்புக்குக் கீழ வராது, பாயிலியேதான் இருப்பா. தண்ணிக் கொடம் பக்கத்துலியே இருக்கு, மொண்டு வைப்பா. எழுந்து வந்து குடுக்கத்தான் முடியாது. வூட்டுக்கு வர்றவங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க முடியலியேப்பான்னு தெனம் அழுவுறா.”

புருஷோத்தமன் லாரியிலிருந்து டம்ளரை எடுக்கக் குனிந்தார். தூக்கும்போதே பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது.

குப்பன் துண்டால் அதையும் துடைத்தார்.

“குருசுக்குப்பம் பக்கம் வந்தா வூட்டுக்கு வாங்க சார். மொத டம்ளர் உங்களுக்குத்தான்.”